எல்லாவற்றுக்கும் ஒரே வாளா, ஆளுக்கொரு ஆயுதமா?

எல்டன் ரிங் என்ற வீடியோ விளையாட்டில் ஒரு சாதாரண வாளின் பலத்தை +25 நிலை வரை ஏற்ற மொத்தம் 97 கற்கள் வேண்டும். மூன்று நிலைக்கு ஒரு வகை ஸ்மித்திங் ஸ்டோன், ஒவ்வொரு வகையிலும் 2, 4, 6 என்று 12, அப்படி எட்டு வகைக்கு 96, கடைசி நிலைக்கு ஏன்ஷன்ட் டிராகன் கல் ஒன்று. எல்லா எதிரிக்கும் ஆகிற பொதுவான ஆயுதம் நல்லதா, ஒரு வேலையை மட்டும் பிரமாதமாகச் செய்கிற ஆயுதம் நல்லதா என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். கல் அளவில்லாமல் கிடைத்தால் இந்தக் கேள்வியே எழாது. எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொண்டு எதிரியைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டே போகலாம். விளையாட்டின் முதல் பாதியில் அது நடக்காது. இரண்டு ஆயுதங்களைப் பாதிப் பாதி ஏற்றியவரைவிட ஒன்றை முழுசாக ஏற்றியவர்தான் பெரும்பாலான சண்டைகளை நிம்மதியாக முடிப்பார்.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பொதுவான ஆயுதம் ஒன்று, அதற்கே கற்கள் எல்லாம். தனி வேலைக்கான ஆயுதம் அப்புறம், அதுவும் அதற்கான தேவை முகத்துக்கு நேரே வந்து நின்ற பிறகு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், ஆனால் பொதுவான ஆயுதம் என்றால் எது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

எல்டன் ரிங்கையே எடுத்துக்கொள்கிறேன், அதிக நேரம் செலவழித்தது அதில்தான், தவிர 2022-இல் வந்த அந்த விளையாட்டில் இந்தப் பிரிவு விதிகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயுதங்கள் இரண்டு சாதி. ஒன்று சாதாரண ஸ்மித்திங் ஸ்டோனில் ஏறுவது. இதன் ஸ்கில்லையும் தன்மையையும், அதாவது ஆஷ் ஆஃப் வாரையும் அஃபினிட்டியையும், கிரேஸ் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்து எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேட்ஃப்ரன்ட் ரூயின்ஸின் நிலவறையில் இருக்கும் வெட்ஸ்டோன் நைஃப் ஒன்றை எடுத்துவிட்டால் போதும், அதற்கு மேல் காசு பணம் எதுவும் கிடையாது. இன்னொன்று சோம்பர் கல்லில் ஏறுவது. அதற்கு நிலைக்கு ஒரு கல்தான், +10 வரை வெறும் 10 கற்கள், ஆனால் அதனுடன் வரும் ஸ்கில்லையும் தன்மையையும் தொடவே முடியாது. சோம்பர் +10 என்பது சாதாரண +25-க்குச் சமமான இடம். ஆக, தனித்தன்மையுள்ள ஆயுதத்தை ஏற்றுவது சுலபம், மாற்றுவது முடியாது. பொதுவானதை ஏற்றுவது கஷ்டம், மாற்றுவது சுலபம். வடிவமைத்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும்.

சரி, இதில் நான் முதலில் வைத்திருந்தது வேகபாண்ட் என்ற கதாபாத்திர வகை ஆரம்பத்திலேயே கொண்டுவரும் லாங்சோர்டு. கொஞ்ச தூரம் போய் காஸில் மோர்னில் கிடைத்த க்ளேமோர் என்ற பெரிய வாளுக்கு மாறினேன். இரண்டுமே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஆயுதங்கள், படம் போட்டுக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் க்ளேமோரில் சாதாரண அடி அகலமாக வீசும், பலமான அடி நேராகக் குத்தும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அதைப் பல மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன். மூன்று நான்கு ஓநாய் சேர்ந்து பாயும்போது அகல வீச்சு ஒன்றே இரண்டைத் தள்ளிவிடும். குறுகிய குகைக்குள் அதே வீச்சு சுவரில் தட்டி நின்றுவிடும், அப்போது குத்து. கேடயத்துக்குப் பின்னால் பதுங்கி நிற்பவன் ஈட்டியை நீட்டும் அந்தக் கணத்தில் குத்தினால் கூடுதலாக இறங்கும், ஏனென்றால் எதிரி தாக்கிக்கொண்டிருக்கும்போது படும் குத்துக்கு விளையாட்டு தனியாகக் கூட்டிக் கொடுக்கிறது.

பொதுவான ஆயுதம் என்று நான் சொல்வது இதைத்தான். அசைவுகளில் வகை இருக்க வேண்டும்: பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, ஓடிவந்து அடிக்க ஒன்று, உருண்டு எழுந்ததும் அடிக்க ஒன்று. அட்டவணையில் இருக்கும் எண்களில் வகை இருப்பது வேறு சமாசாரம்.

அந்த வேறு சமாசாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக விளையாடுபவர்கள் மனசு போவது அங்கேதான். ஒரு வாளில் உடல் அடியும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மொத்த எண் பெரிசு, எனவே இதுதான் எல்லோருக்கும் ஆகும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது என்னவென்றால், எதிரியின் தற்காப்பு ஒவ்வொரு வகை அடியையும் தனித்தனியாகப் பிடித்துக் கழிக்கிறது. எளிமைக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம், உண்மையான சூத்திரம் விகிதத்தில் ஓடும், ஆனால் போக்கு இதுதான். எதிரி ஒவ்வொரு வகையிலும் 100 கழிப்பான் என்றால், 400 உடல் அடி மட்டும் உள்ள வாள் 300 இறக்கும். 210 உடல் அடியும் 210 நெருப்பும் உள்ள வாள், அட்டவணையில் 420 என்று பெரிசாகத் தெரிந்தாலும், 110-ம் 110-ம் சேர்த்து 220-தான் இறக்கும். ஆயுதம் நன்றாக ஏறிய பிறகு இந்த வித்தியாசம் குறையும். ஆரம்பத்திலும் நடுவிலும், ஆயுதம் இன்னும் வளராத நேரத்தில், நன்றாகவே வலிக்கும்.

நியாயமாகச் சொன்னால் கலப்பு அடிக்கும் ஒரு நன்மை உண்டு. ஏதாவது ஒரு வகையை முழுசாக மறுக்கிற எதிரி வந்தால் இன்னொரு பாதியாவது இறங்கும். ரெனல்லா என்ற பெரிய மந்திரக்காரி எதிரியிடம் மந்திர அடியை மட்டும் நம்பிப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் அந்த நன்மைக்காக எல்லாச் சண்டையிலும் வரி கட்டுவதைவிட, வாளை ஹெவி அல்லது கீன் என்ற அஃபினிட்டியில், அதாவது சுத்த உடல் அடியில் வைத்துக்கொண்டு, தேவையானபோது பசை தடவிக்கொள்வது நல்லது. நெருப்புக்கு ஒரு பசை, மின்னலுக்கு ஒன்று, ஹோலிக்கு ஒன்று என்று இருக்கிறது. கவனிக்க வேண்டியது, ஏற்கெனவே நெருப்போ மந்திரமோ ஏற்றப்பட்ட ஆயுதத்தில் பசை ஒட்டாது. ஆகவே வெறும் உடல் அடி என்பது ஏதோ குறை மாதிரித் தெரிந்தாலும், எல்லாப் பக்கமும் கதவு திறந்திருப்பது அதற்குத்தான். சம்மன்வாட்டர் கிராமத்தில் எலும்புக்கூடுகள் விழுந்து விழுந்து எழுந்து வரும்போது, புது ஆயுதம் தேடிப் போகாமல், அதே வாளில் சேக்ரட் பிளேடு என்ற ஆஷைப் போட்டுக்கொண்டு போனால் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். வேலை முடிந்ததும் பழையபடி ஹெவி. அந்த மாற்றத்துக்கு எனக்கு ஒரு கல்கூடச் செலவில்லை.

இதெல்லாம் பொதுவான வாளுக்கு வாழ்த்துப்பா பாடுவது போல இருக்கிறது. அது போய் முட்டி நிற்கும் இடமும் இருக்கிறது, அதுவும் மிக ஆரம்பத்திலேயே.

லிம்கிரேவ் டனல்ஸ் என்ற சுரங்கம். வாளை ஏற்றக் கல் வேண்டும் என்பதற்காகத்தான் எல்லோரும் அங்கே இறங்குகிறோம். உள்ளே சுரங்கத் தொழிலாளிகள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைக் கொத்திக்கொண்டு நிற்பார்கள், நம்மைப் பற்றிக் கவலையே இல்லாமல். பின்னால் போய் ஒரு வெட்டு வெட்டினால் தோளில் பட்ட வாள் தீப்பொறி பறக்க அப்படியே திரும்பி எகிறும், நம் கை பின்னால் இழுபடும், ஸ்டாமினா பட்டை பாதி காலி, அவன் உயிர்ப் பட்டையில் ஒரு கீறல்தான். அதற்குள் அவன் மெதுவாகத் திரும்பி கடப்பாரையை ஓங்குவான். தோல் முழுக்கக் கல்லாகிப் போன உடம்பு, வெட்டு இறங்காது. அங்கே மழுங்கிய ஆயுதத்தால் மொத்தத்தான் வேண்டும். வீப்பிங் பெனின்சுலாவில் எடுத்த மார்னிங் ஸ்டார் என்ற முள் தலைச் சம்மட்டியை, ஒரு நிலைகூட ஏற்றாமல், அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். இரண்டு மூன்று அடி, ஆள் சாய்ந்தான். கைக்குத் திரும்பி வரும் அதிர்வே வேறாக இருந்தது, அடி பாறையின் மேலே நிற்காமல் உள்ளே போய்விட்டது என்று தெரிகிற மாதிரி.

ராயா லுகாரியா கிரிஸ்டல் டனலில் கிரிஸ்டலியனைச் சந்தித்தபோது இதே பாடம் இன்னும் பெரிய அளவில். அந்தப் படிக உடம்பு, நிலை குலையும் வரை எதையுமே ஏற்றுக்கொள்ளாது. வாளால் அடித்தால் சொற்ப எண்கள் மேலே மிதந்து போய்க்கொண்டிருக்கும். மொத்தும் ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்து, தாவி இறங்கிப் பலமான அடியாகவே போட்டால் சீக்கிரம் முழங்கால் மடங்கும். ஒரு தடவை மடங்கிவிட்டால் அதன் பிறகு சாதாரண எதிரிதான், வாளே போதும். அந்தக் கிரிஸ்டலியன் விட்டுச் செல்லும் பெல் பேரிங் என்ற பொருளைத்தான் ரவுண்ட்டேபிள் ஹோல்டு என்ற தங்குமிடத்தில் கொடுத்தால் முதல் இரண்டு வகைக் கல்லையும் கடையில் வாங்கலாம் என்பது இன்னொரு அழகு. மொத்தும் ஆயுதம் வழி திறந்துகொடுக்க, அந்த வழியில் வாள் வளர்கிறது.

இங்கிருந்துதான் என் முக்கியமான விதி வந்தது, இதை யாருக்கு வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்வேன்: இரண்டாவது ஆயுதம் முதல் ஆயுதத்திலிருந்து உடல் அடியின் வகையில் மாறுபட வேண்டும். வெட்டும் குத்தும் முதல் ஆயுதத்தில் இருக்கிறதா, இரண்டாவது மொத்த வேண்டும். முதல் ஆயுதமே சம்மட்டியா, இரண்டாவது குத்தும் ஈட்டியாக இருக்கட்டும். நெருப்பு, மின்னல் எல்லாம் பசையிலும் ஆஷிலும் வந்துவிடும், அதற்காக ஒரு ஆயுதத்தை வளர்க்கத் தேவையில்லை. மொத்தும் தன்மை எந்தப் பசையிலும் வராது.

இன்னொன்று, இரண்டுக்கும் ஸ்டாட் தேவை, அதாவது ஆயுதத்தைப் பிடிக்க நம் கதாபாத்திரத்துக்கு வேண்டிய பலம் போன்ற அளவுகள், ஒரே பக்கம் இருக்க வேண்டும். க்ளேமோருக்கு 16 ஸ்ட்ரெங்த், 13 டெக்ஸ்டரிட்டி. மார்னிங் ஸ்டாருக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை, 12-ம் 8-ம் போதும். எனவே முதல் ஆயுதத்துக்காகப் போட்ட ஒவ்வொரு லெவலும் இரண்டாவதுக்கும் உழைக்கிறது. ஒரே ஒரு அழகான வாளுக்காக இன்டெலிஜென்ஸில் 20-க்கு மேல் போடுவது, அப்புறம் இன்னொன்றுக்காக ஃபெய்த்தில் போடுவது என்று பிரித்தால் எந்த ஆயுதமும் முழுசாக அடிக்காது. மனசு அப்படிப் போனால், ரெனல்லாவை வென்ற பிறகு லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்து ஸ்டாட்களை மொத்தமாக மாற்றிக்கொள்ளுங்கள், பாதிப் பாதியாக வேண்டாம்.

எடையும் உண்டு. கையில் பூட்டிய ஆயுதம் மட்டும்தான் எடையில் சேரும், பையில் கிடப்பது சேராது. மொத்தச் சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் உருளுவது கனத்துவிடும், அப்போது எந்த ஆயுதமும் காப்பாற்றாது. வலது கையில் மூன்று இடம் இருக்கிறது என்பதற்காக மூன்றையும் நிரப்ப வேண்டியதில்லை. நான் சண்டைக்கு நடுவில் மாற்றுவது மிக அரிது, கிரேஸிலிருந்து கிளம்பும்போதே எது வேண்டும் என்று பார்த்துப் பூட்டிக்கொள்வேன், மற்றது பைக்குள்.

இனி கை பழகுவதைப் பற்றி. இதை எண்களில் பேசவே முடியாது, ஆனால் எல்லா எண்களையும்விட இது பெரிசு என்று நினைக்கிறேன். ஒரே ஆயுதத்தோடு நிறைய நேரம் இருந்தால் அதன் நீளம் கைக்குத் தெரிந்துவிடும். எதிரி எத்தனை அடி தள்ளி நின்றால் முனை எட்டும், இரண்டாவது வீச்சு முடிந்த பிறகு உருள எவ்வளவு நேரம் ஆகும், மூன்றாவது வீச்சை விட்டுவிடுவது எப்போது நல்லது, இதெல்லாம் யோசிக்காமலே வரும். பாஸ் என்கிற பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையில் கண் முழுக்க எதிரியின் தோளிலும் காலிலும் இருக்க வேண்டும். ஆயுதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் அங்கே பார்க்க முடியாது. அடிக்கடி ஆயுதம் மாற்றுபவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒவ்வொரு தடவையும் கலைந்துபோகிறது. அட்டவணையில் பத்து சதவீதம் கூடுதலாக அடிக்கும் புது வாள், கை பழகும் வரை பத்து சதவீதம் குறைவாகத்தான் அடிக்கும், ஏனென்றால் பாதி வீச்சு காற்றில் போகும்.

அதனால் புது ஆயுதம் கிடைத்தால் உடனே ஏற்றாமல் ஒரு சின்னப் பரீட்சை வைப்பேன். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு எதிரிக் கூட்டத்திடம் போவது. எத்தனை அடியில் விழுகிறான் என்பதைவிட, விழும்போது என் ஸ்டாமினா எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். ஒருவனைக் கொன்றுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் இரண்டாவது ஆள் வந்துவிடுவான். அப்புறம் நாய். தரையோடு தரையாக ஓடிவரும் நாயை முதல் வீச்சிலேயே பிடிக்க முடிகிறதா? நேராகக் குத்தும் ஆயுதங்களில் பல அதன் தலைக்கு மேலே போய்விடும். இந்த நாய்ப் பரீட்சையில் தேறாத ஆயுதம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் எனக்கு அது தனி வேலைக்கான ஆயுதம்தான், முதல் இடம் கொடுக்க மாட்டேன்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு எவ்வளவு அடி என்று கணக்குப் போட்டு வேகமான ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு, நின்று வாங்கிக்கொள்கிற எதிரியிடம் அந்தக் கணக்கு சரி. பெரிய பாஸ்கள் நின்று வாங்க மாட்டார்கள். நீளமான தொடர் தாக்குதல் முடிந்து, ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு இடம் கொடுப்பார்கள், அதில் ஒரே ஒரு அடிக்குத்தான் வழி. அங்கே கனமான ஒற்றை அடிதான் லாபம். இதே பாஸிடம் ரத்தக்கசிவு ஏற்றுகிற வேகமான ஆயுதம் வேறு கணக்கில் ஜெயிக்கும், ஆனால் எல்டன் பீஸ்ட் மாதிரி ரத்தமே கசியாத எதிரியிடம் அந்தத் தனித்திறமைக்கு வேலையே கிடையாது. ரத்தக்கசிவை மட்டும் நம்பி வளர்த்த ஆயுதத்தோடு அங்கே போய் நிற்பவர்கள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் கடைசிச் சண்டையில்.

மிருக வேட்டை விளையாட்டான மான்ஸ்டர் ஹன்டர் பக்கம் வந்தால் என் விதி பாதி மாறிவிடுகிறது, அதையும் சொல்லியே ஆக வேண்டும். 2018-இல் வந்த அதன் வேர்ல்ட் பாகத்தில் 14 வகை ஆயுதங்கள். அதில் நெருப்பு, தண்ணீர், இடி, பனி, டிராகன் என்று ஐந்து தன்மை. இங்கே தன்மையின் அடி ஒவ்வொரு வீச்சுக்கும் ஏறக்குறைய அப்படியே கூட்டப்படுகிறது, வீச்சு பெரிசா சின்னதா என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. இதன் விளைவு என்ன? ட்யூயல் பிளேட்ஸ் என்ற இரட்டைக் கத்தி மாதிரி படபடவென்று அடிக்கும் ஆயுதத்தில் தன்மை குவிந்துகொண்டே போகும், எனவே அந்த ஆயுதத்தைப் பிடித்தவர் ஐந்து தன்மைக்கும் ஐந்து ஜோடி செய்து வைத்துக்கொள்வதுதான் சரி. டியாப்லோஸ் என்ற மிருகத்துக்குப் பனி, பாரோத் என்ற மிருகத்துக்கு நெருப்பு, அந்தப் பாரோத்தே சேறு பூசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர். அதே டியாப்லோஸிடம் நெருப்பைக் கொண்டுபோனால் ஒன்றும் இறங்காது. கிரேட் சோர்டு பிடித்தவருக்கோ எப்போதோ ஒரு தடவைதான் வீச்சு, அதனால் சுத்த பலம் உள்ள ஒரே வாள் எல்லா மிருகத்துக்கும் ஓரளவு போதும். ஆக, பொதுவா தனியா என்ற கேள்விக்கு அங்கே பதில் நீங்கள் எந்த வகை ஆயுதத்தை விரும்புகிறீர்கள் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. எனக்குக் கிரேட் சோர்டு பிடித்துப்போனதற்கு இந்த நிம்மதியும் ஒரு காரணம், எந்த வேட்டைக்குக் கூப்பிட்டாலும் அப்படியே எழுந்து போகலாம்.

கூட்டமாகப் போகும்போது இன்னொரு விதமாக மாறும். நான்கு பேர் போகிற வேட்டையில் எல்லோரும் பொதுவான ஆயுதம் கொண்டுபோவது வீண். வால் வெட்டும் ஆயுதத்துக்குத்தான் அறுபடும், தலையில் மொத்தி மயக்கம் போட வைப்பது ஹாமருக்கும் ஹன்டிங் ஹார்னுக்கும் கைவந்தது. ஒருவர் ஹாமரோடு தலைப்பக்கம் நிற்கிறார் என்றால் நான் வால்பக்கம் போய்விடுவேன், ஒருவர் வீச்சு இன்னொருவரைத் தட்டாது, மிருகம் மயங்கி விழும்போது வால் சும்மா கிடக்கும், அந்த நேரத்தில் முழுசாக இழுத்துப்பிடித்த அடியை அதில் இறக்கினால் வருகிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. நம் குறையை மூடப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது தனித்திறமை தாராளமாகப் பலன் தரும். தனியாகப் போகிறவருக்குக் குறையை மூட ஆளில்லை. 2025 பிப்ரவரியில் வந்த வைல்ட்ஸ் பாகத்தில் செய்க்ரெட் என்ற சவாரிப் பிராணி மேல் இரண்டாவது ஆயுதம் ஒன்றை வைத்துக்கொண்டு வேட்டைக்கு நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று செய்துவிட்டார்கள், தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். நான் சொல்வது: வெட்டுவது ஒன்று, தூரத்திலிருந்து அடிக்கும் வில் ஒன்று. இரண்டுமே கிட்டத்தில் நின்று வெட்டுவதாக வைத்துக்கொண்டால் அந்த இரண்டாவது இடத்தின் பாதிப் பயன் போய்விடும்.

டியாப்லோ 2 என்ற விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த விஷயத்தில் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஹெல் என்ற மிகக் கடினமான நிலையில் நெருப்பே ஏறாத கூட்டம், பனியே ஏறாத கூட்டம் என்று வரிசையாக வந்து நிற்கும். ஒரே தன்மையில் உச்சத்துக்குப் போன சோர்சரஸ் என்ற மந்திரக்காரி அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பலரும் கண்ட வழி, உடல் அடி கொடுக்கும் கூலிப்படை வீரன் ஒருவனைக் கூட வைத்துக்கொள்வது. 2022-இல் சன்டர் சார்ம் என்ற தாயத்து வந்த பிறகு அந்தச் சுவரைக் கொஞ்சம் உடைக்க முடிகிறது, இருந்தாலும் அதற்கு விலையாக நம் தற்காப்பு குறைகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரே வேலைக்கென்று பிறந்த ஆயுதம் ஒன்றை மனதார நேசிக்கிறேன் என்றால் அது எல்டன் ரிங்கின் சர்ப்பன்ட் ஹன்டர் ஈட்டிதான். வால்கேனோ மேனரின் அடியில் ரைக்கார்ட் என்ற பாஸோடு சண்டை. இதுவரை போகாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எரிமலைக் குழம்பில் மிதக்கிற ராட்சசப் பாம்பு, கிட்டப் போனால் கால் வேகும், எட்ட நின்றால் வாள் எட்டாது. சண்டை நடக்கிற இடத்திலேயே அந்த ஈட்டி கிடக்கும், எடுத்துக்கொள் என்று. அதன் ஸ்கில்லை அழுத்தியதும் ஈட்டி முனையிலிருந்து ஒளியும் காற்றும் சேர்ந்த ஒரு நீண்ட கத்தி முளைத்துக் குகையின் பாதி வரை நீளும். வேறு எந்த எதிரியிடமும் அது அப்படி நீளாது. பாம்பின் தலையைப் பார்த்து அழுத்திப்பிடித்து விட்டால் அவ்வளவு பெரிய உடம்பு நிலைகுலைந்து தலை கீழே வந்து விழும். அதுவும் சோம்பர் ஆயுதம் என்பதால், கையில் மிச்சமிருந்த சின்னச் சோம்பர் கற்கள் சிலவற்றை மட்டும் போட்டு ஏற்றிக்கொண்டேன், என் வாளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எல்டன் ரிங்கைச் செய்த ஃபிரம்சாஃப்ட்வேருக்கு இது பழைய வழக்கம். 2009-இன் டீமன்ஸ் சோல்ஸில் ஸ்டார்ம் கிங்குக்கும், 2016-இன் டார்க் சோல்ஸ் 3-இல் யோர்முக்கும் ஸ்டார்ம் ரூலர் என்ற வாளை அந்தந்தச் சண்டை இடத்திலேயே வைத்திருந்தார்கள். இப்படி விளையாட்டே கையில் திணிக்கும் தனி ஆயுதத்தை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியிலும் ஜெயிக்கலாம்தான், ஆனால் அந்தச் சண்டை அந்த ஆயுதத்தோடு சேர்த்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது, அதன் முழு அழகும் அப்போதுதான் தெரியும்.

மற்ற இடங்களில் ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டால், ஆயுதத்தை மாற்றுவதற்கு முன்னால் எதனால் மாட்டினோம் என்று பார்ப்பது என் வழக்கம். அடி படுகிறது ஆனால் இறங்கவில்லை, எண்கள் சொற்பமாக வருகின்றன என்றால், அடியின் வகை தப்பு, இரண்டாவது ஆயுதத்தை எடுங்கள் அல்லது பசையை மாற்றுங்கள். அடியே படவில்லை, எதிரி உயரத்தில் இருக்கிறான், தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறான் என்றால், நீளமான ஆயுதமோ வில்லோ உதவும். அடி படுகிறது, நன்றாகவே இறங்குகிறது, ஆனால் அதற்கு முன்னால் நான் செத்துப்போகிறேன் என்றால் ஆயுதத்தின் மேல் கையே வைக்காதீர்கள். அது நேரம் பழகாத விஷயம், அல்லது உயிர்ப் பட்டையைக் கூட்டும் விகரில் போட வேண்டிய லெவல் வேறெங்கோ போயிருக்கிறது. நிறையப் பேர் இந்த மூன்றாவது வகைச் சிக்கலுக்குத்தான் புது ஆயுதம் தேடி வரைபடம் முழுக்க அலைகிறார்கள், அந்த அலைச்சலில் கிடைத்த ரூன்களால் லெவல் கூடி அப்புறம் ஜெயித்துவிட்டு, ஆயுதம்தான் ஜெயிக்க வைத்தது என்று நம்புகிறார்கள்.

2024 ஜூனில் எல்டன் ரிங்கின் கூடுதல் பகுதியான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வந்தபோது புதிதாக எட்டு வகை ஆயுதங்கள் வந்தன, பேக்ஹேண்ட் பிளேட், கிரேட் கட்டானா, வெறுங்கைச் சண்டை என்று ஒவ்வொன்றும் ஆசை காட்டும். அப்போது மறுபடியும் இதே கேள்வி எனக்கு வந்தது. அங்கே போகும் கட்டத்தில் பெல் பேரிங்குகள் பெரும்பாலும் கையில் இருக்கும், +24 வரை கல்லைக் கடையிலேயே வாங்கிவிடலாம், அதனால் நான் தாராளமாகவே ஏற்றிப் பார்த்தேன். பிடித்தது எல்லாவற்றையும் +24-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைசி ஒரு நிலைக்கான ஏன்ஷன்ட் டிராகன் கல் மட்டும்தான் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை என்று அளவோடு கிடைப்பது. +24-க்கும் +25-க்கும் அடியில் பெரிய வித்தியாசம் கிடையாது, எனவே அதைக் கொடுப்பதில் அவசரமே தேவையில்லை. முதல் கல் க்ளேமோருக்குப் போனது. அடுத்தது மார்னிங் ஸ்டாரின் அண்ணன் மாதிரி இருக்கும் கிரேட் ஸ்டார்ஸுக்கு. மிச்சத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கிரேட் கட்டானா நாய்ப் பரீட்சையில் தேறிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் கையில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.